பெரியம்மாவுக்கு லைன் போட்டவர்கள்

மூன்று படிப்புகள், பதினான்கு வரிகள் கொண்ட ஓர் அட்டவணை, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஜூன் மாதத்தில் என் நிலைமை இவ்வளவுதான்.

படிப்புகள் இவை. ஒன்று, எல்.எல்.எம். எனப்படும் சட்ட முதுகலை. இரண்டு, கிரிமினாலஜி. மூன்று, வங்கி ஒழுங்குமுறை: வங்கிகளுக்கு விதி போடுவது யார், அந்த விதியை வங்கிகள் எப்படி நடைமுறைப்படுத்துகின்றன, நடைமுறைப்படுத்தாவிட்டால் யார் கேட்பது என்பது பற்றிய படிப்பு. மூன்றையும் ஒரே பல்கலைக்கழகம், வெவ்வேறு ஊர்களில் நடத்தியது. படிவமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் ஒரு படிப்புக்குத்தான் விண்ணப்பிக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடிவிடும்.

போன வருடமும் இதே படிவம், இதே மூன்று படிப்புகள். எது, எது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் கடைசி நாள் போய்விட்டது. வீட்டில் "சர்வர் மக்கர் பண்ணிடுச்சு" என்று சொல்லிவைத்தேன். இரண்டாம் முறையும் சர்வர் மேல் பழி போட முடியாது. போதாக்குறைக்கு, காரைக்காலில் நான் ஜூனியராக இருந்த வக்கீலிடம், இந்த வருடமும் மேற்படிப்புக்குப் போகவில்லை என்றால் அவர் அலுவலகத்திலேயே நிலையாக இருந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நல்ல மனிதர், நல்ல அலுவலகம், மின்விசிறி கூட சத்தம் போடாது. ஆனால் வருவதெல்லாம் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும்தான். பக்கத்து வயல்காரர் வரப்பை ஓரடி தள்ளி வெட்டிய கதையை முப்பது வருடம் கேட்பதை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது.

நான் முதலில் படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். சென்னையில் இரண்டு வருடம் ஒரு வங்கியின் மொபைல் செயலியைச் சோதிக்கும் வேலை. வேண்டுமென்றே தப்பாக அழுத்திப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். தப்பாக அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்து, தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. அதற்காகத்தான் சட்டம் படிக்கப் போனேன். மூன்று வருடம் முடித்த பிறகும் கேள்வி பாதி அப்படியே இருந்தது. மீதிப் பாதி இந்த மூன்று படிப்பில் எதில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே அட்டவணை. வேலை வாய்ப்பு, பாடத்திட்டம், ஆசிரியர்கள், வீட்டிலிருந்து தூரம், விடுதிச் சாப்பாடு என்று பதினான்கு வரிகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். எல்.எல்.எம். நூற்றிரண்டு. கிரிமினாலஜி நூற்றிரண்டு. வங்கி ஒழுங்குமுறை நூற்றொன்று. கடைசிப் படிப்பின் விடுதிச் சாப்பாட்டுக்கு ஒரு மதிப்பெண்ணைக் கூட்டியதும் மூன்றும் சமமாகிவிட்டன.

அப்பாவிடம் கேட்டேன். அம்பகரத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எந்தக் கேள்விக்கும் அவர் உடனே பதில் சொல்லிவிடுவார்.

"கிரிமினாலஜின்னா தமிழ்ல என்னம்மா?"

"குற்றவியல்ப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். அன்று மாலை டீக்கடையிலிருந்து வந்தவர் முகத்தில் ஏகப்பட்ட குழப்பம்.

"பொண்ணு குற்றம் படிக்கப் போவுதுன்னு சொன்னேன். 'ஒங்க தெருவுல ரெண்டு பேரு படிக்காமலே நல்லாப் பண்றானுவளே, எதுக்குச் செலவு'ங்குறான் கடைக்காரன்."

"குற்றம் பண்றதுக்கு இல்லப்பா. ஏன் நடக்குது, எப்படித் தடுக்கலாம்னு படிக்கிறது."

"அப்ப போலீசு."

"இல்ல."

"அப்ப வக்கீலு."

"அது ஏற்கனவே ஆயிட்டேன்ப்பா."

"அப்ப என்னதான் ஆவ?" என்றார். பதினைந்தாவது வரியாக அதைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

அம்மா கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். வாழ்நாள் முழுக்கப் படிவங்களைப் பார்த்தவர். எந்தப் படிப்பு என்பதில் அவருக்கு அக்கறை இல்லை, படிவத்தில்தான் அக்கறை.

"எதையாச்சும் படி. ஆனா மாநிலம்னு கேக்குற எடத்துல புதுச்சேரின்னு இருக்கான்னு கடைசியா ஒரு தரம் பாரு. நம்ம பின்கோடு போட்டா அதுவாவே தமிழ்நாடுன்னு போட்டுக்கும். பின்கோட நம்பாத."

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் அதற்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாம் பக்கம் கடல். எங்கள் தலைநகருக்குப் பஸ்ஸில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து நாலு மணி நேரம். பின்கோடு மட்டும் சுற்றியுள்ளவர்களோடு சேர்ந்துகொண்டது. இதனால் திரும்பி வந்த ஸ்காலர்ஷிப் படிவங்களையும் பாஸ்போர்ட்டுகளையும் அம்மா கதை கதையாகச் சொல்வார். நான் "ம்ம்" என்று கேட்டுக்கொள்வேன். கம்ப்யூட்டர் படித்தவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்ன.

திங்கட்கிழமை காலை தோழி போன் செய்தாள். என்னோடு இன்ஜினியரிங் படித்தவள், காரைக்கால் கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டுப் பெண், இப்போது கோயம்புத்தூரில் வேலை.

"அம்மாவுக்குக் கார்டும் வேலை செய்யல, போன்லயும் பணம் போவலடி. பேங்க்ல கேட்டா யாரோ லைன் போட்டிருக்காங்கன்னு சொன்னாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியல. நீ ஒரு நடை போய்ப் பாரேன்."

அவள் அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். மீன் வியாபாரம். விடியற்காலையில் மீன் இறங்கும் இடத்தில் ஏலத்தில் எடுத்து, சாலையோரம் கடை போட்டு, பத்து மணிக்குள் விற்றுத் தீர்த்துவிடுவார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய் முதல் மீனோடு திரும்பியிருந்த வாரம் அது. சாலையில் கால் வைக்க இடமில்லை. பெரியம்மாவின் கூடையில் மட்டும் அரைக் கூடை சங்கரா.

"வாடி வக்கீலு" என்றார்.

"என்ன பெரியம்மா, யாரோ லைன் போட்டிருக்காங்களாமே?"

"அத ஏன் கேக்குற. பேங்க்ல அந்தத் தம்பி, இத்தன பேரு வரிசையில நிக்கிறப்ப, 'அம்மா, ஒங்களுக்கு லைன் போட்டிருக்காங்க'ங்குது. எனக்கு வந்துச்சு பாரு கோவம். அம்பத்தாறு வயசுல எனக்கு எவன்டா லைன் போடுறது, பேரச் சொல்லுன்னு கேட்டுப்புட்டேன். பின்னாடி நிக்கிறவளுவ எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறாளுவ. ஒருத்தி, 'ஆளு எப்படிங்க இருப்பாரு'ங்குறா."

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இருவரும் வங்கிக்குப் போனோம். உதவி மேலாளர் என் வயதுதான் இருப்பார். பெரியம்மாவைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, சத்தியமா நான் லைன்னு சொல்லலம்மா. லியன். லி-யன். ஒங்க கணக்க நிறுத்தி வைக்கச் சொல்லி மேலேர்ந்து வந்துருக்கு."

விஷயம் இதுதான். வடக்கே ஒரு மாநிலத்தில் யாரோ ஒருவரைப் போனில் ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள். அந்தப் பணம் நாலைந்து கணக்குகள் மாறி, கடைசியில் ஒருவன் கைக்கு வந்து, அவன் இந்தப் பக்கம் ஏதோ விசேஷத்துக்கு வந்தபோது பெரியம்மாவிடம் பெரிய வஞ்சிரம் ஒன்றை வாங்கி, கூடையில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையில் பணம் செலுத்தியிருக்கிறான். அந்த ஊர்ப் போலீஸ், பணம் போன வழியிலிருந்த எல்லாக் கணக்குகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. மீன் வாங்கிய தொகையை மட்டும் அல்ல, கணக்கு முழுவதையும்.

"திருட்டுப்பய எங்கிட்ட மீனு வாங்குனா நான் என்ன தம்பி பண்ணுவேன்? ஆதார் கார்ட வாங்கிப் பாத்துட்டா வஞ்சிரம் வெட்டுவேன்?"

"நியாயந்தாங்கம்மா. ஆனா நான் எடுக்க முடியாது. அந்தப் போலீஸ்லேர்ந்து மெயில் வரணும்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். பெரியம்மாவுக்கு விளங்கும்படி ஒன்று சொல்ல நினைத்தேன்.

"தடைக்காலம் மாதிரி வெச்சுக்குங்க பெரியம்மா. படகு ஒங்களுது, கடலு அங்கயேதான் இருக்கு, ஆனா படக எறக்கக் கூடாது. அதுபோல ஒங்க பணத்துக்குத் தடைக்காலம்."

உதாரணம் எனக்கே பிடித்திருந்தது. பெரியம்மா அதை அரை நிமிடம் கூட நிற்க விடவில்லை.

"தடைக்காலத்துக்குத் தேதி இருக்குல்ல? இன்னிக்கு ஆரம்பம், இன்னிக்கு முடியும்னு முன்னாடியே சொல்லிடுறான். வலையச் சரிபண்ணிக்கிட்டு, படகுக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம். இதுக்கு எங்க தேதி?"

அந்தத் திங்கட்கிழமை முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏலத்தில் கையில் பணம் வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் பங்கில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்ததில்தான் அந்த அரைக் கூடை சங்கரா வந்திருந்தது. வருடத்தில் நல்ல விற்பனை நடக்கும் வாரமோ கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மும்முரமாக இறங்கினேன். முதலில் ஒரு பட்டியல்: இணைக்க வேண்டியவை, பதினொன்று. ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மீனவர் அட்டை, இப்படி. மீன் விற்றதற்கு அத்தாட்சி என்ன என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் வஞ்சிரத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை. பெரியம்மாதான் தன் போனை எடுத்து நீட்டினார். மீன் விற்ற நாள் காலையில் அந்த வாடிக்கையாளனுக்கு வாட்ஸ்அப்பில் மீனைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், நேரத்தோடு. கீழே "வெட்டி வெக்கவா தம்பி" என்று ஒரு குரல் பதிவு.

"போட்டோவுல மீனு நல்லா விழுந்துருக்குல்ல?" என்றார்.

பத்தாவது இணைப்பு: வஞ்சிரம், புகைப்படம்.

எங்கள் அலுவலகக் கடித மாதிரியில் விவரங்களை நிரப்பி, ஆங்கிலத்தில் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். இந்த அம்மாவுக்கும் மோசடிக்கும் தொடர்பில்லை, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விடுவியுங்கள் என்பதுதான் சாரம். பதினொன்றையும் ஒவ்வொன்றாக டிக் செய்து, வடக்கிலிருந்த காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை மதியம் அந்த நிலையத்துக்குப் போன் போட்டபோது விசாரணை அதிகாரி கிடைத்தார். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஒன்றை ஒன்று பொறுத்துக்கொண்டன. கடிதம் கிடைத்ததாம், நன்றாக இருந்ததாம். முகவரியைச் சரிபார்ப்பதற்காகத் தமிழ்நாடு போலீசுக்கு அனுப்பிவிட்டாராம். அங்கிருந்து பதில் வந்ததும் பார்க்கலாமாம்.

தமிழ்நாடா?

கடிதத்தைத் திறந்து பார்த்தேன். மாதிரியில் பின்கோடை அடித்ததும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பும் வசதி. அந்த வசதியைச் செய்து வைத்ததே நான்தான். அழகான எழுத்தில் "தமிழ்நாடு" என்று நின்றது. கிளிஞ்சல்மேட்டில் உள்ள ஒரு முகவரியைத் தேடி, அது இல்லாத ஒரு மாநிலத்தின் போலீஸ் இனிமேல்தான் கிளம்ப வேண்டும்.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பதினொண்ணு எழுதுனியே, பன்னெண்டாவதா அம்மா சொன்னதையும் எழுதியிருக்கலாம்ல?" என்றார். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டபடி, "எங்க ஆபீசுக்கு வர்றவங்க பத்தாங்கிளாஸ் படிச்சவங்க. அவங்களும் இதேதான் பண்றாங்க. நீ ரெண்டு டிகிரி வாங்கிட்டுப் பண்ணியிருக்க" என்றார்.

"எந்தப் படிப்புன்னு முடிவாச்சா?" என்று அப்பா இடையில் கேட்டார்.

"இல்லப்பா."

"நாளான்னிக்கு வெள்ளிக்கெழம."

"தெரியும்ப்பா."

"சர்வரு நல்லாருக்குல்ல?" என்றார். போன வருடத்துக் கதையை அவர் நம்பவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே அதிகாரியை மறுபடி பிடித்தேன். புதுச்சேரி என்றால் தனக்குத் தெரியும் என்றார், சுற்றுலாவுக்கு வந்திருக்கிறாராம். அது கிளிஞ்சல்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கும் இல்லையே என்றார். இது புதுச்சேரிதான், ஆனால் புதுச்சேரியில் இல்லை என்று நான் சொன்னதும், "மறுபடி சொல்லுங்கள்" என்றார். கடைசியில் வரைபடத்தில் காரைக்காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, திருத்திய கடிதத்தோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். வட்டம் புரிந்தது, ஆதாரில் உள்ள முகவரியும் அதற்குள்தான் வருகிறது, இனி வெளியே அனுப்பிச் சரிபார்க்கத் தேவையில்லை என்றார். கடைசியாக ஒரு கேள்வி.

"படத்தில் இருப்பது என்ன மீன்?"

சொன்னேன். "எங்கள் பக்கம் இவ்வளவு பெரிதாகக் கிடைக்காது" என்றார்.

அன்று இரவு அட்டவணையைத் திறந்து மூடினேன். நோக்க அறிக்கை என்று ஐந்நூறு சொற்கள் எழுத வேண்டும்: ஏன் இந்தப் படிப்பு? மூன்று படிப்புக்கும் மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். மூன்றும் யாரோ எழுதியதைப் போல இருந்தன. "சிறு வயது முதலே" என்று மூன்றும் தொடங்கின. சிறு வயதில் எனக்கு வங்கி ஒழுங்குமுறையில் எந்த ஆர்வமும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அதிகாரியின் மின்னஞ்சல் வந்தது, வங்கிக்கு ஒரு பிரதியுடன். மீன் வாங்கிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கலாம். பெரியம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டேன். ஐந்து மணி நினைவில் இருந்தது.

உதவி மேலாளர் மின்னஞ்சலைப் படித்தார். அவர் முகமே மலர்ந்துவிட்டது. பிறகு அது மெல்ல வாடியது.

"வந்துடுச்சுங்க. இத நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும். அங்க எடுத்துவிடுவாங்க."

"எப்ப எடுப்பாங்க?" என்றேன்.

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா? நிறுத்தச் சொல்லி வந்தப்ப எத்தன நாள்ல நிறுத்துனீங்க?"

"அது ஒடனே ஆயிடுங்க. அதுக்கு டைம் போட்டிருக்கு."

"எடுக்கிறதுக்கு?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். மூன்றாவது தாளையும் பார்த்தார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை.

"இதுல தேதி எதுவும் போடலைங்க" என்றார்.

பெரியம்மா என் பக்கம் திரும்பி, நான் அன்னிக்கே கேட்டேன் பாத்தியா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

குற்றம் நடந்தது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். போலீஸ் தன் முடிவைச் சொல்லிவிட்டது. பணமும் கணக்கில்தான் இருந்தது. இப்போது பெரியம்மாவின் வாரம் நின்றுபோனது இந்த மூன்று தாளில் விடுபட்ட ஒரு வரியால். அந்த வரியை யார் எழுத வேண்டும், எழுதாவிட்டால் யாரைக் கேட்பது? இன்ஜினியரிங்கும் சட்டமும் படித்துவிட்டு அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். மணி மூன்றரை. பெரியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இது போற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன் தம்பி" என்று உதவி மேலாளரிடம் சொல்லிவிட்டார். அவர் அவசர அவசரமாகத் தலைமை அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நானும் தட்டச்சு செய்தேன். பழைய மூன்று வரைவுகளையும் அழித்தேன். "மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தேதி இருக்கிறது, முடக்கப்பட்ட கணக்குக்கு எங்கே தேதி என்று ஒரு மீன் வியாபாரி என்னிடம் கேட்டார்" என்று தொடங்கினேன். ஐந்நூறு சொற்கள் போதவில்லை. வெட்ட வேண்டியிருந்தது.

நாலு மணி முப்பத்தைந்துக்குப் படிவத்துக்கு வந்தேன். படிப்பு: வங்கி ஒழுங்குமுறை. முகவரி, பின்கோடு. பின்கோடை அடித்ததும் கீழே தமிழ்நாடு என்று வந்து உட்கார்ந்தது. அதைத் தேய்த்துவிட்டுப் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்தேன். ஒருமுறை பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். அழுத்தினேன்.

"போட்டாச்சா?" என்றார் பெரியம்மா.

"போட்டாச்சு பெரியம்மா."

"நானும் போட்டாச்சுங்க" என்றார் உதவி மேலாளர், தன் திரையிலிருந்து தலையைத் தூக்கி.

கணக்கு அடுத்த வாரம் புதன்கிழமை திறந்தது. ஏன் புதன், ஏன் திங்கள் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கும் அதைத் தெரிவிக்கவில்லை. ஐஸ் வாங்கிய இடத்தில் சும்மா அழுத்திப் பார்த்தபோது பணம் போயிருக்கிறது.

ஜூலையில் எனக்கு இடம் கிடைத்ததைச் சொல்லப் போனேன். கூடை நிறைய இருந்தது. க்யூ.ஆர். அட்டையைப் புதிதாக ஒட்டியிருந்தார், மேலே கண்ணாடி டேப் போட்டு.

"பேங்குக்கு யாரு ரூல் போடுறாங்க, எப்படிப் போடணும்னு படிக்கப் போறேன் பெரியம்மா."

"நல்லாப் படி" என்றார். ஒரு கொடுவாவை எடுத்துச் செதிலைச் சீவத் தொடங்கினார். "எவனோ லைன் போட்டான், எவனோ எடுத்தான். நடுவுல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா பாரு. படிச்சுட்டு வந்து அத மொதல்ல எழுது. போடுறப்பவும் சொல்லணும், எடுக்குறப்பவும் சொல்லணும்னு."

போனில் குறித்துக்கொண்டேன். பட்டியலில் முதல் வரி அது.